மலைவீதி பூட்டியிருந்த அன்று

1

போன கிழமை மலையில் மறுபடியும் பெரிய பனி. இரவோடு இரவாகக் கொட்டி, மேலே ஏறும் வீதியைப் பூட்டிவிட்டார்கள் என்று செய்தியில் காட்டினார்கள். மஞ்சள் உடுப்புப் போட்ட ஒருவர் நடுவீதியில் நின்று, வரிசையாக வந்த கார்களைக் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் சிட்னியில், நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக் குசினியில் வடைக்கு உழுந்து ஊறப்போட்டபடி அதைப் பார்த்தேன். மறுநாள் என் அண்ணாவின் ஆண்டுத் திவசம்.

போன வருசமும் இப்படித்தான். இதே மலை, இதே பனி, இதே மாதிரிப் பூட்டின வீதி. அன்றைக்கு அண்ணாவின் உடல் ஊரில், கொக்குவிலில் அவருடைய வீட்டு விறாந்தையில் கிடந்தது. அந்த நேரம் நான் பனியில் வழுக்குகிற ஸ்கீ பலகையைக் காலில் பூட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மனுசன் பக்கத்தில் நின்று என்னை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் வேறு யாருமில்லை, என் கணவர்.

இதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று ஒரு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக் குப்பையை ஏன் வீதியில் கொட்டுவான் என்ற நினைப்புத்தான். ஆனால் போன கிழமை திவசத்தன்று ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

மலைக்குப் போனது எங்கள் மகள் ஆரணியின் யோசனை. ஒரே பிள்ளை. பரமட்டாவில் ஒரு அலுவலகத்தில் கணக்காளர் வேலை. வீட்டுக்கு நித்திரை கொள்ள மட்டும் வருவாள். நான் தமிழில் ஒரு கதை கேட்டால் ஆங்கிலத்தில் அரைக் கதை பதிலாக வரும். குளிர்காலம் தொடங்கினால் சனி ஞாயிறு அவளைக் காணக் கிடைக்காது. கூட்டாளிகளோடு மலைக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமையில் கோயிலுக்கு வா என்றால் கால் நோகும், ஆறு மணித்தியாலம் கார் ஓடி மலை ஏற மட்டும் நோகாது.

ஒருநாள் அவளே சொன்னாள். "அம்மா, யூ நெவர் கம் எனிவேர் வித் மீ." நான் நாள் முழுக்க ஆய்வுகூடத்தில் சனத்தின் கையில் நரம்பு தேடி இரத்தம் எடுக்கிறவள். எனக்கு எங்கே நேரம்? ஆனால் அந்தச் சொல் சுட்டுவிட்டது. பிள்ளை எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறாள், ஒருக்காலாவது பின்னால் போய்ப் பார்த்தால் என்ன என்று லீவு போட்டேன்.

போவதற்கு முதல்நாள் அண்ணாவோடு கதைத்தேன். அண்ணா பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாய் நிறையப் பகிடி.

"அடி வதனி, உனக்கு வயசென்ன, உன்ர முழங்கால் என்ன? சரி, போ. போனால் எனக்குப் போட்டோ வேண்டாம். வீடியோ அனுப்பு. நீ விழுறதையும் சேத்து எடுக்கச் சொல்லு. அதுதான் எனக்கு வேணும்."

அவரை இங்கே ஒருக்கால் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு இரண்டு தரம் விசாவுக்குப் போட்டோம். இரண்டு தரமும் இல்லையென்றுவிட்டார்கள். திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய காரணம் இல்லையாம். அண்ணாவுக்கு வந்த சிரிப்பு! "நான் கொக்குவில் சந்தியைத் தாண்டினாலே பின்னேரம் வீட்டை வந்து விழுந்திடுவன். என்னைப் போய் இப்பிடி எழுதியிருக்கிறாங்கள்" என்றார். அதற்குப் பிறகு அவருக்கு ஒஸ்ரேலியா என்பது என் போனில் இருந்து போகும் படங்கள்தான். மரக்கறிக் கடையைக் காட்டினாலும் பார்ப்பார். குப்பைத் தொட்டியைக் காட்டினாலும் "ஏனடி அதுக்குச் சிவப்பு மூடி?" என்று கேட்பார்.

3

முதல் இரண்டு நாளும் பழகுகிற சரிவில் விழுந்து விழுந்து எழும்பினேன். சப்பாத்து என்று ஒன்று தந்தார்கள், இரும்புப் பெட்டிக்குள் காலை வைத்துப் பூட்டின மாதிரி. பழக்குகிற பெடியன், நிற்க வேண்டும் என்றால் இரண்டு ஸ்கீயின் முன்நுனியையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு துண்டு பீட்சா மாதிரிப் பிடிக்கச் சொன்னான். என் மகள் அந்தச் சரிவு முழுக்கக் கேட்க "அம்மா, பீட்சா! பீட்சா!" என்று கத்தினாள். நாலு வயசுச் சின்னஞ்சிறுசுகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. வெட்கம்கெட்ட வேலை. ஆனால் ஆரணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக வழுக்கி வழுக்கி என்னைக் கூட்டிப் போனாள். அவள் என் கையைப் பிடித்து எத்தனையோ வருசம்.

மூன்றாம் நாள் காலையில் யன்னலைப் பார்த்தால் வெளியே ஒன்றுமே இல்லை. கார்கள் நின்ற இடத்தில் வெள்ளை மேடுகள். எது எங்கள் கார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் இரண்டு நாளும் காலில் பட்டது ஈரமான, கட்டிபட்ட பனி. இது வேறு சாமான். கையில் அள்ளினால் அரித்த அரிசிமா மாதிரி விரலுக்குள்ளால் வழிந்தது. இந்த நாட்டில் இப்படிப் பனி விழுவது அருமை என்று ஆரணி சொன்னாள். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த விதத்தை நான் மறக்கமாட்டேன்.

"அம்மா, றோட் குளோஸ்ட்! நோபடி கேன் கம் அப்! முழு மலையும் எங்களுக்குத்தான்!"

என் கணவரைக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். வெளியே பனிக்குள் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தபோது தலைமயிர் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஆர் இந்த நேரத்தில?"

"வேலை இடத்தில இருந்து."

நான் அவருடைய வேலை இடத்தைத் திட்டினேன். லீவில் வந்த மனுசரையும் நிம்மதியாக இருக்க விடமாட்டாங்கள் என்று நன்றாகத் திட்டினேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

கதிரை லிஃப்டில் ஏறி மேலே போனோம். இவர் ஸ்கீ போடவில்லை. கீழே, கோப்பிக் கடைக்குப் பக்கத்தில், நான் இறங்கி வருகிற இடத்தில் நிற்பதாகச் சொன்னார். மேலே ஒரு சத்தம் இல்லை. மரங்கள் எல்லாம் தோளில் பனியைச் சுமந்துகொண்டு நின்றன. எங்களுக்கு முன்னால் ஒரு கோடும் விழாத சரிவு.

"அம்மா, இண்டைக்கு பீட்சா வேண்டாம். இந்தப் பனியில பிறேக் பிடிச்சால் புதைஞ்சு போவீங்கள். சும்மா விடுங்கோ. ஜஸ்ட் லெட் இட் கோ."

தமிழில் முழுதாக மூன்று வசனம். நான் அதற்காகவே விட்டேன். ஐயோ, அந்தச் சுகத்தை எப்படிச் சொல்ல! காலுக்குக் கீழே நிலம் இல்லை. முழங்காலளவு பனி என்னைத் தாங்கிக்கொண்டு போனது. முகத்தில் பனி தெறித்தது. விழுந்தேன், நோகவில்லை. முகம் குப்புற விழுந்தேன், அப்போதும் நோகவில்லை. வாய்க்குள் பனியோடு கிடந்து சிரித்தேன். இயக்கம், ஆமி, கொழும்பு, விசா, வீட்டுக் கடன் என்று முப்பது வருசமாக ஒரு பிறேக்கை அழுத்திக்கொண்டே வந்த மனுசி நான். அன்றைக்குத்தான் காலை எடுத்தேன்.

4

கடைசி இறக்கத்தை இவர் என் போனில் வீடியோ எடுத்தார். நான்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன், அண்ணா கேட்டிருந்தாரே. நான் வருகிறேன், கையை ஆட்டுகிறேன், இவருக்கு முன்னாலேயே தொப்பென்று விழுகிறேன், கிடந்தபடி "அண்ணா, கண்டியளோ! விழுந்திட்டன்!" என்று கத்திச் சிரிக்கிறேன். படம் ஆடவில்லை, அசையவில்லை. இவருடைய கை அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறது. அதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

போனைத் திருப்பித் தந்தபோது, "இப்ப அனுப்பாதையும், இஞ்ச சிக்னல் சரியில்லை" என்றார். பிறகு கோப்பி வாங்கப் போனார். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான் அனுப்பிவிட்டேன்.

இவர் இரண்டு கோப்பியோடு வந்தார். அனுப்பிவிட்டேன் என்றதும் முகம் போன போக்கைக் கண்டேன்.

"ஏன் அனுப்பினனீர்? சொன்னனானெல்லே?"

"அண்ணா கேட்டவர். அதுக்கேன் நீங்கள் இப்பிடி முழிக்கிறியள்?"

கோப்பியை என் கையில் தந்தார். கொஞ்ச நேரத்தால் அண்ணாவின் போனில் இருந்து பதில் வந்தது. "நல்லா இருக்கு." அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றம். அண்ணா ஒருநாளும் இப்படி எழுதமாட்டார். அவர் எழுதவே மாட்டார். குரலில்தான் அனுப்புவார், முதல் சொல்லே "அடியே" என்றுதான் இருக்கும். அங்கே இப்போதுதான் விடிகிற நேரம், எழும்பின கையோடு எழுதியிருக்கிறார் போல என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மத்தியானம் வீதியைத் திறந்துவிட்டார்கள். சனம் கார் காராக ஏறி வந்துவிட்டது. ஆரணி முகத்தைத் தொங்கப் போட்டாள். இவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அன்று பின்னேரம் வெளிக்கிட்டிருந்தால் இரவு சிட்னி, மறுநாள் விமானம், அதற்கு அடுத்த நாள் நான் கொக்குவிலில் நின்றிருப்பேன். நாங்கள் மறுநாள் காலையில், போட்ட திட்டப்படி ஆறுதலாக வெளிக்கிட்டோம். வழியில் கூமா என்ற ஊரில் இறங்கித் தேத்தண்ணியும் குடித்தோம்.

5

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்தவீட்டுச் சேதியை, பயணத்தில் இருக்கிறவருக்குச் சொல்லமாட்டோம். சோதனை எழுதுகிற பிள்ளைக்குச் சொல்லமாட்டோம். சாப்பிடாத மனுசருக்குச் சொல்லமாட்டோம். சொன்ன பிறகு அந்த மனுசர் சாப்பிடாது என்று, முதலில் நாலு வாய் உள்ளே போகட்டும் என்று பார்த்துக்கொண்டு இருப்போம். ஊரில் அடுத்த தெருவில் நடந்ததை இரண்டு மணித்தியாலம் மறைத்தால் அது கரிசனை. கடல் கடந்து வந்த பிறகும் அதையே செய்கிறோம்.

வீட்டுக்கு வந்து, குளித்து, நான் புட்டும் சொதியும் வைத்துச் சாப்பிட்டு, கோப்பையைக் கழுவி வைத்த பிறகு இவர் என்னைக் கூப்பிட்டார்.

"வதனி, இதில இரும்."

அண்ணாவுக்கு இரவில் நெஞ்சு நொந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். அண்ணாவின் மகன் கோபிதான் போன் எடுத்துச் சொன்னானாம். நேற்றுப் பின்னேரமே எடுத்து, சுடலையில் எல்லாம் முடிந்துவிட்டதாம். எல்லாம் ஆம், ஆம், ஆம்.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆரணி பிறகு சொன்னாள், நான் மலையில் போட்டிருந்த கம்பளிக் கையுறையைத் தேடி எடுத்து இவருடைய முகத்தில் எறிந்தேனாம்.

"றோட்டுப் பூட்டியிருந்தது வதனி. சொல்லி என்ன செய்யிறது? உமக்குப் பிரஷர். அங்க ஒண்டு நடந்தால் நான் ஆரைப் பிடிக்கிறது?"

"நான் வருமட்டும் வச்சிருக்கச் சொல்லியிருக்கலாமே!"

"அவையள் எடுக்கத்தான் நிண்டவை."

அந்த ஒரு வசனத்தை நம்பினேன். என்னோடு பிறந்தவரை எடுக்க எனக்காக ஒரு நாள் பொறுக்கவில்லையே என்று ஊர்ச் சனத்தின் மேலும் எனக்குக் கோபம். அண்ணாவின் மனைவி, என் மச்சாளுக்குப் போன் எடுத்து அழுதேன். "எல்லாம் முடிஞ்சுது வதனி. அழாதையுங்கோ" என்று காய்ந்த குரலில் சொன்னார். துக்கத்தில் மரத்துப்போயிருக்கிறார் என்று நினைத்தேன். அந்தத் துக்கத்துக்குள்ளும் எனக்குத் தெரியக்கூடாது என்று அண்ணாவின் போனில் "நல்லா இருக்கு" என்று எழுதியதும் மச்சாளாகத்தான் இருக்கும், என்ன மனுசி என்று இன்னும் அழுதேன். ஆனாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் போகவில்லை. முகத்தைத்தான் காட்டவில்லை, பிறகு எனக்கு அங்கே என்ன வேலை என்று வீம்பில் இருந்துவிட்டேன்.

வேலைக்குத் திரும்பின அன்று என் மேலதிகாரி, நல்ல மனுசி, என் கையைப் பிடித்துக்கொண்டு "வேர் யூ க்ளோஸ்?" என்று கேட்டார். அண்ணாவும் நீயும் நெருக்கமா என்று. நான் "யெஸ்" என்றேன். வேறு என்ன சொல்ல? சைக்கிள் பாரில் என்னை வைத்து மிதித்து, ஷெல் விழுகிற நாளிலும் சோதனைக்குக் கொண்டுபோய் இறக்கினவர் என்பதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.

ஆரணி தகப்பனோடு மாதக்கணக்கில் சரியாகக் கதைக்கவில்லை. அவளுக்கும் அன்றைக்குத் தெரியாதுதான். "அது அப்பான்ர டிசிஷன் இல்லை அம்மா. தட் வோஸ் யோர்ஸ்" என்றாள். எங்களை விட்டுத் தூரமாகப் போய்விட்டது என்று நான் கவலைப்பட்ட பிள்ளை இது.

6

போன கிழமை திவசம். கொக்குவிலில் ஐயர் வந்து செய்ததைக் கோபி போனைப் பிடித்துக் காட்டினான். நாங்கள் இங்கே படத்துக்கு முன்னால் படைத்தோம். எல்லாம் முடிந்து, அங்கே சனம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சாள் போனை வாங்கிக் கதைத்தார். வழக்கம்போல நாலு சொல்: படைச்சீங்களோ, என்ன கறி, ஆரணி வந்தவவோ. ஆரணி வரவில்லை, மலையில் நிற்கிறாள், வீதி பூட்டியதால் இறங்க முடியவில்லை என்றேன்.

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன இருந்தென்ன மச்சாள். அண்ணான்ர முகத்தைக் கடைசியா ஒருக்காப் பாக்க எனக்குக் குடுத்து வைக்கேல்லை."

மச்சாள் மெல்லமாகச் சொன்னார்.

"நீங்கள்தானே வதனி எடுக்கச் சொன்னனீங்கள்."

"என்ன?"

"கோபி கேட்டவன், மாமி வருவாவோ, எப்ப எடுக்கிறது எண்டு. நாங்கள் உடம்பு பழுதாகாமல் மருந்து ஏத்தி வச்சிருந்தனாங்கள். மூண்டு நாள், நாலு நாள் எண்டாலும் வச்சிருந்திருப்பம். மாமி தனக்காகக் காத்திருக்க வேண்டாமாம், எடுக்கட்டாம் எண்டு உங்கட மனுசன்தான் சொன்னவர். சரி, உங்கட நிலைமை உங்களுக்கு. அதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அந்த வீடியோவை ஏன் அனுப்பினனீங்கள்?"

மச்சாள் விடாமல் சொன்னார்.

"அவற்ற போன் சனத்துக்கு நடுவில மேசையில கிடந்தது. ஆரோ எடுத்து அமத்திப்போட்டினம். நீங்கள் 'அண்ணா, கண்டியளோ' எண்டு சிரிக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. அவரைக் கிடத்தியிருக்கு, உங்கட சிரிப்புக் கேக்குது. நான் என்ன செய்ய? 'நல்லா இருக்கு' எண்டு எழுதினன். உங்களுக்கு உறைக்கும் எண்டுதான் எழுதினன்."

ஒரு வருசமாக அந்த இரண்டு சொல்லை நான் கருணை என்று நெஞ்சில் வைத்திருந்தேன்.

"மச்சாள், எனக்குத் தெரியாது. அம்மாவாணை எனக்குத் தெரியாது. வீட்டை வந்த பிறகுதான் எனக்குச் சொன்னவர்."

மச்சாள் நம்பினாரா என்று தெரியவில்லை. "ம்" என்றார். சனம் கூப்பிடுகிறது என்று போனை வைத்துவிட்டார்.

7

இவர் எதிரே கதிரையில் வேட்டியோடு இருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கையில் எடுத்த வடை கையிலேயே இருந்தது.

"ஏன் என்ர பேரில சொன்னனீங்கள்?"

"கோபி கேட்டுக்கொண்டே நிண்டவன், வதனி. நான் மறைக்கிறன் எண்டு அவனுக்கு எப்பிடிச் சொல்லுறது? நீர் சொன்னதெண்டால் கதை முடியும் எண்டு நினைச்சன். றோட்டும் எப்ப திறப்பாங்கள் எண்டு..."

"றோட்டு மத்தியானம் திறந்தவங்கள்!"

"ஓம்."

"அப்ப ஏன் மாத்திச் சொல்லேல்லை?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. "நீர் அப்பிடிச் சிரிச்சு நான் ஒருநாளும் காணேல்லை. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை" என்றார்.

இந்த மனுசன் கெட்டவர் இல்லை. அதுதான் என் பிரச்சினையே. கெட்டவராக இருந்தால் உடுப்பை அடுக்கிக்கொண்டு போயிருப்பேன். என்னைச் சிரிக்க விடுவதற்காக என்னை ஊருக்கே கல்நெஞ்சுக்காரி ஆக்கியிருக்கிறார். இதற்கு அவரை அடிப்பதா, கட்டிப்பிடித்து அழுவதா? இரண்டும் எனக்கு வரவில்லை. போனை எடுத்து அவருடைய கையில் வைத்தேன்.

"எடுங்கோ. எடுத்துச் சொல்லுங்கோ. நான் இதிலதான் நிக்கிறன்."

"பிறகு, சனம் போனாப் பிறகு..."

"சனம் இருக்கேக்கதான் சொல்ல வேணும்."

எடுத்தார். மச்சாள் வந்தார். இவர் எழும்பி நின்றார். "அக்கா, பிழை என்ரை. அவவுக்கு ஒண்டும் தெரியாது. அவ சொன்னதெண்டு நான்தான் பொய் சொன்னனான்" என்றார். முதல் தடவையாக இதற்குள் பிரஷரும் இல்லை, றோட்டும் இல்லை.

மச்சாள் அழுகிற சத்தம் கேட்டது. ஒரு வருசத்தில் என் காதுபட அவர் அழுதது அதுதான் முதல் முறை. அழுது முடித்துச் சொன்னார்.

"சரி தம்பி. எனக்குச் சொல்லிப்போட்டியள். அண்டைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டுப்போட்டுப் போன ஊர்ச் சனத்துக்கு ஆர் வீடுவீடாப் போய்ச் சொல்லுறது?"

இவர் போனை என்னிடம் நீட்டினார். இரண்டு நாள் நித்திரை இல்லாமல் கிடந்துவிட்டு இதை எழுதத் தொடங்கினேன். எழுதியதை இவரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, ஒரு எழுத்தையும் மாற்றச் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

கொக்குவிலில் அன்றைக்கு எங்கள் அண்ணாவின் செத்தவீட்டுக்கு வந்திருந்த யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். அந்தச் சிரிப்பு உயிரோடு இருக்கிற அண்ணாவுக்கு அனுப்பினது. செத்துப்போனார் என்று யாராவது ஒரு சொல் சொல்லியிருந்தால், வீதி பூட்டியிருந்தாலும் அந்தப் பனிக்குள் நடந்தே இறங்கி வந்திருப்பேன்.